உணவு உறுதியான பிறகே மருந்து: நகர உலாவில் நீரிழிவாளர் கவனிக்க வேண்டியவை

விடுமுறையில் சென்னைக்கு வருவோர் பலர், காலையில் நங்கநல்லூர் ஆஞ்சநேயர் கோயிலில் 32 அடி உயர அனுமனை வணங்கிவிட்டு, அருகிலுள்ள உணவகத்தில் சிற்றுண்டி உண்பர். மறுநாள் மயிலாப்பூர், அதற்கடுத்த நாள் தியாகராய நகர் என உலா தொடரும். ஊர் பார்ப்பதில் பாதி மகிழ்ச்சி, அவ்வூர் உணவைச் சுவைப்பதில்தான் இருக்கிறது. நீரிழிவு உள்ளவர் அம்மகிழ்ச்சியைத் துறக்க வேண்டியதில்லை. ஆனால், இனிப்பைக் கண்டு அஞ்சும் நாம், அதைவிட விரைவாக ஆபத்தில் தள்ளக்கூடிய ஒன்றை மறந்துவிடுகிறோம். மருந்துக்கும் உணவுக்கும் இடையே நீளும் காத்திருப்பே அது.

காத்திருப்பு ஏன் ஆபத்தாகிறது?

வீட்டில் ஏழரை மணிக்கு மாத்திரை, எட்டு மணிக்கு இட்லி என்பது ஒழுங்கு. பயணத்திலும் ஏழரைக்கே மாத்திரையைப் போட்டுக்கொள்கிறோம். பிறகு கோயிலில் வரிசை. மயிலாப்பூர் ராயர் மெஸ் போன்ற சிறிய, புகழ்பெற்ற உணவகங்களில் விடுமுறை நாள்களில் வாசலிலும் நிற்க நேரிடும். இட்லி தட்டுக்கு வரும்போது மணி பத்தாகிவிடலாம். அதற்குள் மருந்து தன் வேலையைத் தொடங்கியிருக்கும். நடையும் குருதியிலுள்ள சர்க்கரையைச் செலவழித்திருக்கும்.

இன்சுலின் செலுத்திக்கொள்வோரும், கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு, கிளிக்ளசைடு ஆகிய மாத்திரைகளை உட்கொள்வோரும் இதில் மிகுந்த கவனத்துடன் இருக்க வேண்டும். மெட்ஃபார்மின் மட்டும் உட்கொள்வோருக்கு இந்த இடர் மிகக் குறைவு.

செய்ய வேண்டியது என்ன?

உணவையொட்டி எடுக்கும் மருந்தை விடுதியிலோ வீட்டிலோ முடித்துவிட்டுப் புறப்படாமல், கையோடு எடுத்துச் செல்லுங்கள். உணவு கிடைப்பது உறுதியான பிறகே எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் மருந்தை உணவுக்கு எத்தனை நிமிடம் முன்பு எடுக்கலாம் என்பதைப் பயணத்திற்கு முன்பே மருத்துவரிடம் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். நாள் முழுவதும் செயற்படும் நீண்டநேர இன்சுலினை மட்டும் வழக்கமான நேரத்திலேயே செலுத்த வேண்டும். அதைத் தாமாக நிறுத்தக் கூடாது. வெயிலில் நிற்கும் காரில் இன்சுலினை வைத்துச் செல்லாதீர்கள்.

சர்க்கரை தாழ்ந்தால்

திடீர் வியர்வை, கைநடுக்கம், படபடப்பு, கடும் பசி, பேச்சுக் குழறல், காரணமற்ற எரிச்சல் ஆகியவை அறிகுறிகள். சென்னை வெயிலில் வியர்வையைப் பொருட்படுத்தாமல் விட்டுவிடுவது எளிது. ஐயம் எழுந்தால் உடனே சோதித்துப் பாருங்கள். அளவு 70 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தாலோ, கருவி கையில் இல்லையென்றாலோ, மூன்று தேக்கரண்டி குளுக்கோஸ் தூளை நீரில் கரைத்துப் பருகச் செய்யுங்கள். 15 நிமிடம் கழித்து மீண்டும் சோதியுங்கள். ஏறவில்லையெனில் மறுமுறை கொடுங்கள். சீரான பின் இரண்டு இட்லியாவது உண்ணச் செய்யுங்கள்.

குளுக்கோஸ் இல்லையெனில் சர்க்கரை உதவும். ஆனால் வோக்லிபோஸ், அகார்போஸ் உட்கொள்வோருக்குச் சர்க்கரை விரைவில் பயன் தராது, குளுக்கோஸே வேண்டும். மைசூர்பாகு போன்ற நெய் இனிப்புகள் இத்தருணத்திற்கு ஏற்றவை அல்ல. கொழுப்பு, சர்க்கரை குருதியில் சேர்வதைத் தாமதப்படுத்தும். நினைவிழந்தவரின் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். ஒருக்களித்துப் படுக்க வைத்து 108-ஐ அழையுங்கள்.

தட்டில் என்ன வைக்கலாம்?

இட்லி எண்ணெயற்றது, எனினும் எளிதில் செரித்துச் சர்க்கரையை ஏற்றும். இரண்டு, மூன்றோடு நிறுத்தி, காய் நிறைந்த சாம்பாரைக் கூட்டிக்கொள்ளலாம். பருப்பு மிகுந்த அடை சற்று மெதுவாகச் செரிக்கும். நெய் மிதக்கும் பொங்கலையும் வடையையும் ஒரு தட்டு வாங்கி, குடும்பத்தார் அனைவரும் பகிர்ந்துகொண்டால் சுவையும் கிட்டும், அளவும் மீறாது. காபி சொல்லும்போதே "வித்தவுட்" என்று சொல்லிவிடுங்கள்; சில இடங்களில் சர்க்கரை கலந்தே வரும். சர்க்கரைப் பொங்கல் பிரசாதமாகக் கிடைத்தால் ஒரு தேக்கரண்டி போதும்; எஞ்சியதை உடன் வந்தவர்களுக்கு அளிப்பதும் வழிபாட்டின் பகுதியே.

உடன் வருவோருக்கு

பசியைச் சொன்னால் மற்றவர்களின் மகிழ்ச்சி கெடுமோ என்று முதியோர் பலர் வாய் திறவாமல் இருந்துவிடுவர். ஆகவே வரிசையில் சேருமுன் நீங்களே கேளுங்கள்: "மருந்து எப்போது எடுத்தீர்கள்? கடைசியாக எப்போது சாப்பிட்டீர்கள்?" உங்கள் பையில் ஒரு பொட்டலம் குளுக்கோஸ், ஒரு குப்பி நீர், சில பிஸ்கட்டுகள், மருந்துச் சீட்டின் நகல் ஆகியவை எப்போதும் இருக்கட்டும். வரிசை நீண்டால், முதலில் அவரை உண்ணச் செய்யுங்கள். பிறகு சேர்ந்து நிற்கலாம்.