கொல்லன் பட்டறையில் கலியாணம்!

1772-ம் ஆண்டு நவம்பர் 18. நள்ளிரவு. வட இங்கிலாந்தின் நியூகாசில் நகரில், ஆற்றங்கரையை ஒட்டி நிற்கும் ஒரு பெரிய வீட்டின் மாடி ஜன்னல் மெல்லத் திறக்கிறது. சத்தமின்றி ஓர் ஏணி சாத்தப்படுகிறது. 18 வயதுப் பெண் ஒருத்தி அதன் வழியே இறங்கி வருகிறாள். கீழே ஒரு வாலிபன் காத்து நிற்கிறான். இருவரும் வண்டி ஏறி, ஸ்காட்லாந்தை நோக்கிப் பறக்கிறார்கள்.

அவள் பெயர் பெஸ்ஸி ஸர்ட்டீஸ். பணக்கார பாங்கு முதலாளியின் மகள். அவன் பெயர் ஜான் ஸ்காட். நிலக்கரி வியாபாரியின் மகன். அப்போது அவனுக்கு வயது 21.

பெண்ணைக் கூட்டிக்கொண்டு ஓடிய இந்தப் பையன் பிற்காலத்தில் என்ன ஆனான்? எல்டன் பிரபு என்ற பட்டத்துடன் இங்கிலாந்தின் லார்டு சான்ஸலராக, அதாவது சட்டத்துறையின் தலைமைப் பீடத்தில், 1801 முதல் 1827 வரை, இடையில் ஓராண்டு நீங்கலாக, அமர்ந்திருந்தான்!

அந்த ஓராண்டு அதே பீடத்தில் இருந்தவர் எர்ஸ்கின் பிரபு. அவரும் சளைத்தவர் அல்ல. 1818-ல், அறுபது வயதைத் தாண்டிய பிறகு, ஸ்காட்லாந்துக்கு ஓடிப்போய் மணம் முடித்தார். யாரும் அடையாளம் காணாதிருக்கப் பெண் வேடம் போட்டுக்கொண்டு போனார் என்று கூடக் கதை உண்டு.

சட்டத்தைக் காக்க வேண்டியவர்களே இப்படி ஓடினார்களா என்று கேட்கலாம். அவர்கள் சட்டத்தை மீறி ஓடவில்லை. சட்டம் இடம் கொடுத்த திசையில் ஓடினார்கள்!

எல்லைக்கு அப்பால் வேறு நியாயம்

1754 மார்ச் 25 முதல் இங்கிலாந்தில் ஒரு புதுச் சட்டம் அமலுக்கு வந்தது. கலியாணம் மாதா கோவிலில்தான் நடக்க வேண்டும். முன்கூட்டி அறிவிப்போ, லைசென்ஸோ வேண்டும். 21 வயது நிரம்பாதவர்களின் கலியாணத்தைப் பெற்றோர் தடுத்தால் அது நடவாது. சொத்துள்ள வீட்டுப் பெண்களை ரகசியமாக மணந்து ஏமாற்றுவோரை ஒடுக்கவே இந்த ஏற்பாடு.

ஆனால் அந்தச் சட்டம் ஸ்காட்லாந்தைக் கட்டுப்படுத்தவில்லை. 1707-ல் இரண்டு ராஜ்யங்களும் இணைந்த பிறகும் ஸ்காட்லாந்து தன் சொந்தச் சட்டத்தை விட்டுவிடவில்லை. அங்கே பையனுக்கு 14, பெண்ணுக்கு 12 வயது ஆனால் போதும். பெற்றோர் சம்மதம் தேவையில்லை. "இவளை என் மனைவியாக ஏற்கிறேன்", "இவரை என் கணவராக ஏற்கிறேன்" என்று சாட்சிகளின் முன் சொன்னால் கலியாணம் முடிந்தது!

லண்டனிலிருந்து வடக்கே வரும் சாலையில், எல்லையைத் தாண்டியதும் வரும் முதல் கிராமம் கிரெட்னா கிரீன். சாலை சந்திப்பில் ஒரு கொல்லன் பட்டறை. குதிரைகள் நுரை தள்ள வரும் ஜோடிக்கு அதுவே மணப்பந்தல் ஆயிற்று. அவசரத்தில் வந்தவர்களுக்குப் பாதிரியாரைத் தேட நேரம் ஏது? வார்த்தையைச் சொல்லச் சொல்லிக் கேட்க ஓர் ஆள் இருந்தால் போதாதா? சுத்தியலால் பட்டடையில் ஓங்கி ஒரு தட்டு. கலியாணம் நிறைவேறியது என்று அர்த்தம். காய்ச்சிய இரும்பு இரண்டைக் கொல்லன் ஒன்றாக இணைப்பதுபோல் இரு உள்ளங்களை இணைக்கிறான் என்று அதற்குப் பொருளும் சொன்னார்கள்.

இப்படி மணம் செய்து வைத்தவர்களுக்குப் 'பட்டடைப் பாதிரிகள்' என்று பெயர். அவர்களில் பலர் பாதிரிகளும் அல்ல, கொல்லர்களும் அல்ல. வண்டியின் பகட்டைப் பார்த்துக் கூலி பேசுவதில் மட்டும் கெட்டிக்காரர்கள்!

பட்டடை கேளாத கேள்வி

இந்தச் சுலபத்துக்கு ஒரு விலையும் இருந்தது. அதைக் கொடுத்தவள் எல்லன் டர்னர் என்ற 15 வயதுச் சிறுமி.

1826 மார்ச் மாதம். லிவர்பூலில் அவள் படித்த பள்ளிக்கு ஒரு கடிதம் வந்தது. தாயாருக்கு உடம்பு மோசம், உடனே அனுப்புங்கள் என்றது கடிதம். அது பொய்க் கடிதம். வண்டி அனுப்பியவன் எட்வர்ட் கிப்பன் வேக்ஃபீல்ட் என்பவன். செல்வந்தரின் மகளான எல்லனை அவன் அதற்கு முன் கண்டதுகூட இல்லை. "உன் தந்தையின் சொத்து முழுகிப்போகும் நிலையில் இருக்கிறது. நீ என்னை மணந்தால்தான் அவரைக் காப்பாற்ற முடியும்" என்று அந்தக் குழந்தையை நம்பவைத்தான். கிரெட்னா கிரீனுக்கு அழைத்துப் போனான். டேவிட் லேயிங் என்ற முதியவர் மணம் செய்து வைத்தார்.

"சம்மதமா?" என்று கேட்டார்கள். "சம்மதம்" என்றாள் எல்லன். சாட்சிகளும் இருந்தார்கள். சட்டத்தின் கண்ணுக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் அந்தச் சம்மதம் எங்கிருந்து வந்தது? தகப்பனைக் காப்பாற்ற வேண்டும் என்ற பயத்திலிருந்து! அதைப் பட்டடை கேட்கவில்லை.

வேக்ஃபீல்ட் அவளைப் பிரான்சிலுள்ள கலே நகருக்குக் கொண்டு போனான். உறவினர்கள் தேடிச் சென்று உண்மையைச் சொன்னதும், இனி அவனுடன் இருக்கமாட்டேன் என்று அவள் உதறி வந்துவிட்டாள். 1827-ல் வழக்கு நடந்தது. வேக்ஃபீல்டுக்கும் உடந்தையாயிருந்த அவன் தம்பிக்கும் தலா மூன்று ஆண்டு சிறை. அந்தக் கலியாணத்தை ரத்துச் செய்யப் பார்லிமெண்டே தனிச் சட்டம் இயற்ற வேண்டியிருந்தது!

ஓட்டம் நின்றது, கலியாணம் நிற்கவில்லை

1857 ஜனவரி முதல் புது விதி வந்தது. மணமக்களில் ஒருவராவது 21 நாள் ஸ்காட்லாந்தில் தங்கியிருக்க வேண்டும். துரத்திவரும் தகப்பனுக்கு வண்டி பூட்ட அவகாசம் கிடைத்தது! இந்தச் சட்டத்தைக் கொண்டுவந்தவர் புரூம் பிரபு. அவரும் முன்னாள் லார்டு சான்ஸலர்தான். வேடிக்கை என்னவென்றால், அவரே 1819-ல் எல்லையோர ஊரான கோல்ட்ஸ்ட்ரீமில் இதே ஸ்காட்லாந்து முறையில் மணம் முடித்தவர்!

1929-ல் மணவயது 16 ஆக உயர்ந்தது. 1940 ஜூலை முதல் தேதியோடு, சாட்சிகள் முன் வாய்மொழியாக முடிக்கும் கலியாணம் செல்லாது என்று ஆயிற்று. பட்டடைப் பாதிரிகளின் காலம் முடிந்தது. கிரெட்னா கிரீனின் கதையும் முடிந்தது என்றே தோன்றும். முடியவில்லை. இன்றும் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கானோர் அங்கே போய் மணக்கிறார்கள்.

இன்று போகிறவர்களை யாரும் துரத்துவதில்லை. ஊரைக் கூட்டிப் பந்தி போட்டுக் கடன்பட விரும்பாதவர்கள், இரண்டாம் மணம் செய்பவர்கள், தங்கள் வார்த்தையைத் தாங்களே அமைதியாகச் சொல்ல நினைப்பவர்கள் வருகிறார்கள். ஆனால் திடீரென்று வந்து இறங்கிவிட முடியாது. இருவரும் தனித்தனியே மனுப் படிவம் பூர்த்தி செய்து, குறைந்தது 29 நாள் முன்னதாகப் பதிவாளரிடம் சேர்க்க வேண்டும். பிறப்புச் சான்று வேண்டும். முன்பு மணமானவராயின் விவாகரத்துத் தீர்ப்போ, இறந்த துணையின் மரணச் சான்றோ காட்ட வேண்டும். வெளிநாட்டாருக்கு விசாவும், மணம் புரியத் தடையில்லை என்ற அத்தாட்சியும் தேவை. பெயர்கள் பொதுமக்கள் பார்க்கும்படி அறிவிக்கப்படும். மணவேளையில் 16 வயது நிரம்பிய இரண்டு சாட்சிகள் இருக்க வேண்டும். யாரும் உடன் வராத ஜோடிக்குப் போட்டோ பிடிக்க வந்தவர் கூடச் சாட்சி ஆகலாம்!

இவ்வளவும் முடிந்த பிறகு, விரும்பினால் பழைய பட்டறைக்குள் நின்று மணக்கலாம். கைகள் இரண்டையும் துணியால் பிணைக்கும் பழைய வழக்கமும் உண்டு. கடைசியில் அதே சுத்தியல், அதே பட்டடை, அதே ஓசை.

ஓடிப்போகும் கலியாணத்துக்கு 29 நாள் நோட்டீஸா என்று சிரிக்கத் தோன்றும். எல்லன் டர்னருக்கு அந்த 29 நாள் கிடைத்திருந்தால்? ஒரே ஒரு கடிதம் வீட்டுக்குப் போய், தகப்பனாரின் சொத்து பத்திரமாக இருக்கிறது என்று பதில் வந்திருக்கும். பெற்றோரின் பிடிவாதத்திலிருந்து காதலைக் காக்க ஒரு காலத்தில் வேகம் வேண்டியிருந்தது. வஞ்சகரிடமிருந்து சம்மதத்தைக் காக்க நிதானம் வேண்டியிருக்கிறது.

ஏணியில் இறங்கிய பெஸ்ஸி என்ன ஆனாள்? இரு வீட்டாரும் மனம் இளகி, 1773 ஜனவரியில் நியூகாசில் மாதா கோவிலிலேயே அந்த இருவருக்கும் மறுபடி மணம் நடந்தது. 1831-ல் அவள் கண்ணை மூடும் வரை, 58 ஆண்டு இணைபிரியாமல் வாழ்ந்தார்கள். அந்த வீடு இன்றும் இருக்கிறது. அவள் இறங்கிய ஜன்னலுக்கு அடையாளமாக ஒரு நீலக் கண்ணாடி பதித்திருக்கிறார்கள்.

இரவில் ஓடிய ஜோடிதான். ஆனால் இருவரும் தெரிந்தே, விரும்பியே ஓடினார்கள்!