குட்டிக்கரணத்திலிருந்து போட்டி மேடைக்கு

மும்பை மாதுங்காவில் வாழும் தமிழன்னை ஒருவர் அண்மையில் என்னிடம் ஓர் ஐயத்தை எழுப்பினார். அவருடைய மகளுக்கு ஏழு வயது. ஓராண்டாக ஜிம்னாஸ்டிக்ஸ் பயின்று வருகிறாள். கட்டிலிலிருந்து நாற்காலிக்கும் நாற்காலியிலிருந்து தரைக்கும் தாவிக்கொண்டிருந்த குழந்தைக்கு அது நல்ல போக்கிடமாக அமைந்தது. இப்பொழுது பயிற்சியாளர், "பெண்ணிடம் திறமை இருக்கிறது, போட்டிக் குழுவில் சேர்த்துவிடுங்கள். வாரம் ஆறு நாள், நாளுக்கு மூன்று மணி நேரம் வரவேண்டும்" என்கிறாராம். "ஊரிலே இருந்தால் கலந்து பேச நாலு பேர் இருப்பார்கள். இங்கே யாரைக் கேட்பது?" என்றார் அந்த அம்மையார்.

முதலில், போட்டி என்பது யாது? தொடக்க வகுப்பில் குழந்தை குட்டிக்கரணம் போடுகிறது, விழுகிறது, சிரித்துக்கொண்டே எழுகிறது. போட்டியிலோ ஒரே தொடரை நூற்றுக்கணக்கான முறை செய்து பழக வேண்டும். பெண்களுக்கு நான்கு கருவிகள்: வால்ட் என்னும் தாண்டுமேசை, உயர்ந்தும் தாழ்ந்தும் நிற்கும் இரு கம்பிகள், பத்தே சென்டிமீட்டர் அகலமுள்ள சமநிலைக் கட்டை, தரைப்பயிற்சி. ஆண்களுக்கு ஆறு. செய்யும் வித்தையின் கடினத்திற்கு ஒரு மதிப்பெண்ணும், செய்த செம்மைக்கு ஒரு மதிப்பெண்ணும் உண்டு. முழங்கால் சற்று மடங்கினாலும், தரையில் இறங்கியபின் ஓரடி நகர்ந்தாலும் கழிவு உண்டு. விழுந்தால் முழுதாக ஒரு மதிப்பெண் போய்விடும். தன்னைப் பிறர் இவ்வாறு அளப்பதைத் தாங்கும் மனம் குழந்தைக்கு வந்துவிட்டதா என்பதே முதற் கேள்வி. உடல் வளைவது அதற்கு அடுத்தது.

விரைந்து சேர்க்காவிடில் வாய்ப்புப் போய்விடும் என்று அஞ்சுவோர் பலர். இதில் பாதி உண்மை உண்டு. இளமையிலேயே தொடங்க வேண்டிய கலைதான் இது. ஆனால் தொடங்குவது வேறு, போட்டியிடுவது வேறு. சர்வதேச அரங்கில் மூத்தோர் பிரிவில் பங்குபெறப் பெண்களுக்கு அவ்வாண்டில் 16 வயது நிரம்பவேண்டும் என்பது 1997 முதல் விதி. ஆண்களுக்கு அது 18. ஏழு வயதுப் பெண்ணுக்கு இன்னும் ஒன்பது ஆண்டுகள் இருக்கின்றனவே! ஹைதராபாத்தைச் சேர்ந்த அருணா ரெட்டி முதலில் பயின்றது கராத்தே. அவர்தான் பின்னர் 2018இல் மெல்போர்னில் நடந்த உலகக் கோப்பைப் போட்டியில் வால்ட்டில் வெண்கலம் பெற்றார்.

இந்தியாவில் இக்கலையைப் பற்றிப் பேசுவோர் தீபா கர்மாகரை நினையாதிருக்க முடியாது. திரிபுராவின் அகர்தலாவில் பிறந்த அவருக்குத் தட்டைப் பாதம். ஓடித் தாவுகிறவருக்கு அது பெருங்குறை. பயிற்சியாளர் விசுவேசுவர் நந்தி பல ஆண்டுகள் பொறுமையுடன் அக்குறையைச் சரிசெய்தார். 2016இல் ரியோ ஒலிம்பிக்கின் வால்ட் இறுதிப் போட்டியில் தீபா 15.066 மதிப்பெண் பெற்று நான்காமிடம் அடைந்தார், வெண்கலம் 0.150 மதிப்பெண்ணில் தவறியது. அவர் செய்த புரோதுனோவா என்னும் தாவல் சற்றே பிசகினாலும் கழுத்துக்கு ஆபத்தானது. அப்பொழுது அவருக்கு வயது 23 என்பதைப் பெற்றோர் மறக்கலாகாது. அத்தாவலை மட்டும் படத்தில் கண்டு, தம் குழந்தையும் நாளையே அவ்வாறு பாயவேண்டும் என்று விரும்புவது பேதைமை.

உடலைப் பற்றியும் சொல்ல வேண்டும். வளரும் எலும்புகளின் முனையில் மென்மையான குருத்தெலும்புப் பகுதி ஒன்று உண்டு. எலும்பு நீள்வது அங்கேதான். கையூன்றி உடற்பாரத்தைத் தாங்கும் இப்பயிற்சியில் மணிக்கட்டின் அப்பகுதி ஓய்வின்றித் தாக்குண்டால் வீங்கும். கேடுற்றால் எலும்பின் வளர்ச்சியே குன்றலாம். ஆகவே மணிக்கட்டோ முதுகோ தொடர்ந்து வலிக்கிறது என்று குழந்தை சொன்னால் தைலம் தடவி மறுநாள் அனுப்பிவிடாதீர்கள். எலும்பு மருத்துவரிடம் காட்டுங்கள். வாரத்தில் பயிற்சி நேரம் குழந்தையின் வயதை மிஞ்சலாகாது என்பது விளையாட்டு மருத்துவர் பலர் கூறும் அளவுகோல். ஏழு வயதுக்கு ஏழு மணி. அம்மையாரிடம் கேட்கப்பட்டதோ பதினெட்டு!

கூடத்தைத் தேர்வதில் நான் முதலில் பார்ப்பது கருவிகளை அன்று. விழக் கற்பிக்கிறார்களா என்பதைத்தான். முழங்காலை மடக்கி இறங்குவதும் கையை நீட்டாமல் உருள்வதும் முதற் பாடமாக இருத்தல் வேண்டும். மெத்தைகள் கிழிந்து இடைவெளி விட்டுக் கிடந்தால் திரும்பி வந்துவிடுங்கள். பெற்றோர் உள்ளே அமர்ந்து பார்க்கக்கூடாது என்னும் கூடத்தையும் நான் ஏற்கமாட்டேன். அமெரிக்க ஜிம்னாஸ்டிக்ஸ் குழுவின் மருத்துவராயிருந்த ஒருவர் பல ஆண்டுகள் சிறுமியருக்கு இழைத்த கொடுமைகளுக்காக 2018இல் நீண்ட சிறைத்தண்டனை பெற்றார். பிள்ளைகள் முன்னரே முறையிட்டிருந்தும் பெரியோர் செவி சாய்க்கவில்லை. குழந்தையைத் தொட்டுத் திருத்துவது இப்பயிற்சியில் இயல்பு. எது திருத்தம், எது அத்துமீறல் என்பதை வீட்டில் தமிழிலேயே, அஞ்சாமல் சொல்லிக்கொடுங்கள். எடையைப் பற்றி ஏளனமாகப் பேசும் பயிற்சியாளரிடம் ஒரு நாளும் விடாதீர்கள்.

வெளிமாநிலத்தில் வாழ்வோருக்குத் தனியே சில கவலைகள் உண்டு. வயதுப் பிரிவுப் போட்டிகளில் பிறப்புச் சான்று கேட்பார்கள். அது ஊரிலிருந்து வரவேண்டியிருந்தால் முன்னதாகவே வாங்கி வையுங்கள். குழந்தை எந்த மாநிலத்தின் சார்பில் ஆடலாம், அதற்கு என்னென்ன சான்றுகள் தேவை என்பதைக் குழுவில் சேருமுன் எழுத்தில் கேட்டுக்கொள்க. தேர்வு நெருங்கிய வேளையில் கேட்டால் மனக்கசப்பே மிஞ்சும். மாற்றலாகி வேறு நகரம் செல்ல நேர்ந்தால், குழந்தை எந்த வித்தைகளை உதவியின்றிச் செய்கிறது, எவற்றைப் பிறர் பிடிக்கச் செய்கிறது என்று பழைய பயிற்சியாளரிடம் ஒரு தாளில் எழுதி வாங்குங்கள். புதியவர் அதைக் காணாமல், "அங்கேயே எல்லாம் கற்றிருப்பாய்" என்று அடுத்த படிக்குத் தள்ளும்போதுதான் விபத்துகள் நேர்கின்றன. இக்கலையில் வித்தைகளின் பெயர்கள் பெரும்பாலும் எங்கும் ஒன்றாயிருப்பதால் மொழி இதற்குத் தடையாகாது.

மாதுங்கா அம்மையார் இவற்றையெல்லாம் பயிற்சியாளரிடம் எடுத்துரைத்தார். அவரும் சினம் கொள்ளவில்லை. வாரம் மூன்று நாள், நாளுக்கு இரண்டு மணி நேரம் என்று இசைந்திருக்கிறார். சிறுமி ஞாயிற்றுக்கிழமைகளில் இன்னமும் நாற்காலியிலிருந்துதான் தாவுகிறாளாம்.