மைனஸ் 40 டிகிரியில் ஓடும் என்ஜின்

டாஷ்போர்டில் செக் என்ஜின் விளக்கு எரிந்ததும், ஸ்டீயரிங்குக்குக் கீழுள்ள 16 முனை சாக்கெட்டில் ஸ்கேனரைச் செருகி, திரையில் வரும் பழுதுக் குறியீடு எந்த சென்சாரைச் சுட்டுகிறதோ அதைக் கழற்றிப் புதியதைப் பொருத்திவிடும் பழக்கம் பல பணிமனைகளில் வேரூன்றிவிட்டது. புகை மாசைக் கட்டுப்படுத்தும் நோக்குடன் அமெரிக்காவில் 1996 மாடல் கார்களிலிருந்து கட்டாயமாக்கப்பட்ட இக்குறியீட்டு முறை, பழுதான பாகத்தை அறிவிப்பதற்காக அமைந்ததன்று. எந்த மின்சுற்றில் அல்லது எந்த அளவீட்டில் கோளாறு தென்பட்டது என்பதை மட்டுமே அது தெரிவிக்கிறது.

பி0118 என்னும் குறியீடு இதற்குத் தக்க சான்று. இதில் 'பி' என்பது என்ஜின், கியர் பகுதியையும், அடுத்துள்ள 0 எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவான குறியீடு என்பதையும் குறிக்க, எஞ்சிய இலக்கங்கள் கூலன்ட் வெப்பநிலை சென்சாரின் சுற்றில் மின்னழுத்தம் வரம்பு மீறி உயர்ந்திருப்பதைச் சொல்கின்றன. இந்த சென்சார், சூடு ஏற ஏற மின்தடை குறையும் தெர்மிஸ்டர் வகையைச் சேர்ந்தது. என்ஜினை ஆளும் கணினியான இசியு, தன்னுள் இருக்கும் ஒரு மின்தடை வழியே இதற்கு 5 வோல்ட் அனுப்பி, சென்சார் பக்கம் நிற்கும் மின்னழுத்தத்தை அளந்து வெப்பநிலையைக் கணிக்கிறது; வயர் அறுந்தால் மின்னோட்டம் நின்று 5 வோல்ட்டும் குறையாமல் நிற்பதால், கொதிக்கும் வெயிலிலும் பல வாகனங்களின் ஸ்கேனர் திரை மைனஸ் 40 டிகிரி செல்சியஸ் என்று காட்டும். வெப்பநிலை 0 முதல் 255 வரையிலான எண்ணாக அனுப்பப்பட்டு, அதிலிருந்து 40 கழிக்கப்படுவதால், கீழ் எல்லை அங்கே அமைந்தது. அந்த அளவை நம்பினால் உறைபனிக்குரிய அளவு பெட்ரோலைப் பாய்ச்ச நேரும் என்பதால், பெரும்பாலும் இசியு ஓர் ஊக மதிப்பை ஏற்று, ரேடியேட்டர் விசிறியையும் ஓயாமல் சுழலவிடுகிறது.

சென்சார் கெட்டதா, வயர் கெட்டதா என்று பிரித்தறிய ஒரு துண்டு வயரே போதும். இரண்டு முனை சென்சாரின் கப்ளரைக் கழற்றி, வயரிங் பக்கத்து இரு முனைகளையும் இணைத்தால், திரையிலுள்ள அளவு உச்சத்துக்குத் தாவ வேண்டும். தாவினால் வயரும் இசியுவும் நலமாக இருக்கின்றன, ஐயம் சென்சார் மீதும் கப்ளரின் பிடிப்பு மீதும் மட்டுமே. மைனஸ் 40 அசையாமல் நின்றால், எலி கடித்த வயரையோ பச்சை பூத்த முனையையோ தேட வேண்டுமேயன்றி, விளக்கு எரியாத வீட்டில் வயரைப் பாராமல் பல்பை மட்டும் மாற்றுவதுபோல் புது சென்சார் வாங்குவது வாகன உரிமையாளரின் பணத்தை வீணாக்குவதே ஆகும்.

இதனினும் வருந்தத்தக்கது, சோதனைக்கு முன்பே குறியீட்டை அழித்துவிடும் அவசரம். பழுது பதிவான கணத்தில் இருந்த வேகம், என்ஜின் சுழற்சி, சுமை ஆகியவற்றை இசியு சேமித்து வைத்திருக்கும். குறியீட்டோடு அந்தப் பதிவும் அழிந்துபோவதால், மேடு பள்ளத்தில் மட்டும் தொடர்பு விடும் ஒரு தளர்ந்த கப்ளரைத் தேட எந்தத் தடயமும் மிஞ்சுவதில்லை.