சப்ரகமுவை ஒளியில் தெருப்படம் பயிலுதல்

ஒளிப்படம் என்பது ஓர் அளவீடு. பொருள்மேல் பட்டுத் தெறிக்கும் ஒளி எவ்வளவு, என்ன நிறம், எத்திசையினது என்பதைக் கருவி அளந்து பதிகிறது. அந்தப் பதிவையே நாம் படம் என்கிறோம். அளவுகோல் எதுவாயினும் அதற்கென ஒரு சாய்வு உண்டு. அயலூர்த் தெருவில் நின்று படமெடுக்கப் பயில்பவர்க்கு அந்தச் சாய்வை அறிவது இருமடங்கு தேவை. கருவியின் சாய்வோடு, ஊருக்குப் புதிய கண்ணின் சாய்வும் அங்கே சேர்ந்துகொள்கிறது.

இலங்கையின் சப்ரகமுவை மாகாணம் இந்தப் பயிற்சிக்கு ஏற்ற களம். இரத்தினபுரி, கேகாலை ஆகிய இரு மாவட்டங்களைக் கொண்டது அது. கல் விற்கும் பழம்பெரும் நகரம், மழை முகில், றப்பர்த் தோட்ட நிழல், தேயிலைச் சரிவு என நால்வகை ஒளியையும் ஒரே நாளில் அங்குக் காணலாம். அந்த ஒளியில் நடமாடும் மக்களுள் ஒரு பகுதியினர், பத்தொன்பதாம் நூற்றாண்டு முதல் தோட்டங்களில் உழைத்து வரும் தமிழர். அவர்களை ஒளிப்படக்கருவி நெடுங்காலமாகப் பார்த்து வருகிறது. எவ்வளவு சரியாகப் பார்த்தது என்பதே நம் கேள்வி.

அளவுகோலின் சாய்வு

1838ஆம் ஆண்டு, பாரிசு நகரின் நெரிசல் மிக்க வீதியொன்றை உயர்ந்த சாளரத்திலிருந்து லூயி தகேர் படமெடுத்தார். ஒளியைப் பதியப் பல நிமிடங்கள் தேவைப்பட்டன. வண்டிகளும் குதிரைகளும் மனிதரும் ஓயாது ஓடிய அந்த வீதி, படத்தில் வெறிச்சோடிக் கிடக்கிறது. காலணிக்கு மெருகிடக் காலை ஊன்றி நின்ற ஒருவரும் அவரருகே இருந்த பணியாளரும் மட்டுமே அதில் தெரிகின்றனர். அசையாதவரையே காணும் கருவி அசைந்தவரை எல்லாம் விட்டுவிட்டது. தெருப்படக் கலையின் முதற்பாடம் இதுதான்: படத்தில் இல்லாதது தெருவிலும் இல்லை என்று கொள்ளற்க.

இலங்கைக்கு அந்தக் கருவி வந்தபோது வேறொரு சாய்வையும் கொண்டு வந்தது. 1815இல் கல்கத்தாவில் பிறந்த யூலியா மார்கரெட் கேமரன், தம் 48ஆம் அகவையில் கருவியைக் கையிலெடுத்து, முகப்படக் கலையில் பெரும்புகழ் பெற்றவர். கணவரின் கோப்பித் தோட்டங்கள் இலங்கையில் இருந்தமையால் 1875இல் குடும்பம் இங்குக் குடிபெயர்ந்தது. இரத்தினபுரியைத் தழுவி ஓடும் களு கங்கை கடலோடு கலக்கும் களுத்துறையில், அவர் ஊர் மக்களையும் தோட்ட மக்களையும் படமெடுத்தார். 1879இல் மலைநாட்டில் மறைந்தார். பொகவந்தலாவைத் தேவாலயத்தில் துயில்கிறார்.

கேமரன் கையாண்டது ஈரக் கொலோடியத் தகடு. கண்ணாடித் தகட்டில் பசையைப் பூசி, அது உலர்வதற்குள் ஒளி படச்செய்து, உடனே கழுவி உருவை வெளிக்கொணர வேண்டும். அந்தப் பூச்சு நீல ஒளியையும் புறவூதா ஒளியையும் மட்டுமே உணரும், செவ்வொளிக்குக் குருடு. மனிதத் தோலிலுள்ள மெலனின் நிறமியோ நீலத்தை மிகுதியாக உறிஞ்சிச் செம்மையைக் கூடுதலாகத் தெறிக்கவிடும். ஆகவே பொன்னும் செம்மையும் கலந்து ஒளிரும் மாநிற முகம் அந்தத் தகட்டில் உண்மையைவிடக் கருமையாகவே பதிந்தது. எடுத்தவர் எவ்வளவு அன்போடு எடுத்தாலும் வேதியியல் அந்த அன்பைக் கேட்கவில்லை.

எல்லா நிறங்களையும் உணரும் தகடுகள் 1906இல் விற்பனைக்கு வந்தன. அதன்பின் வண்ணப்படச் சுருள் வந்தபோது சாய்வு வேறு வழியில் நுழைந்தது. அமெரிக்கக் கோடாக்கு நிறுவனம், நிறங்களைச் சரிபார்க்க வெள்ளைத் தோலுடைய பெண் ஒருத்தியின் படத்தை அளவையாக ஒளிப்பட அச்சகங்களுக்கு அனுப்பி வந்தது. அந்த முகத்துக்குப் பொருந்துவதே சரியான நிறம் எனப் பல்லாண்டுகள் கொள்ளப்பட்டது. தங்கள் பொருள்களின் கருமைச் சாயல்கள் சரிவரப் பதியவில்லை என்று மரத்தளவாட, சொக்கலேற்று உற்பத்தியாளர் முறையிட்ட பிறகே அந்தக் குறை களையப்படத் தொடங்கியது. மாந்தத் தோல்நிறங்களைப் பத்துப் படிகளாக வகுத்த மங்கு அளவை 2022இல்தான் கூகுள் நிறுவனத்தால் வெளியிடப்பட்டது. இன்றைய கைபேசி மாநிற முகத்தை ஓரளவு சரியாகக் காட்டுகிறதென்றால், அது அண்மைக்காலத் திருத்தம்.

இரத்தினபுரியின் வானம்

இரத்தினபுரி வடவகலக்கோடு ஏறத்தாழ 6.7 பாகையில் உள்ளது. ஏப்பிரல் முதற்கிழமையிலும் செப்டெம்பர் முதற்கிழமையிலும் நண்பகற் கதிரவன் அங்கு நேர் உச்சியில் நிற்கும். அப்போது நெற்றியும் மூக்கும் சுடர்விட, கண்குழிகள் இருண்டுபோகும். முகத்தைப் படமெடுக்க அந்த வேளை உதவாது. மாலைப் பொன்னொளியும் அங்கு நீடிப்பதில்லை. இரவும் பகலும் ஒத்த நாளில், அடிவானுக்கு மேல் 6 பாகை உயரத்திலிருந்து கதிரவன் மறைய இலண்டனில் ஏறத்தாழ 39 நிமிடங்கள் ஆகும். இரத்தினபுரியில் 24 நிமிடங்களே. நடுக்கோட்டை ஒட்டிய ஊர்களில் கதிரவன் செங்குத்தாக இறங்குவதே இதன் காரணம். ஐரோப்பியக் கையேடுகளைப் படித்துவிட்டு மாலைக்குக் காத்திருப்பவர் இங்கே ஒளியை இழப்பார். காலை ஏழு மணிக்கே தெருவில் இருப்பது நன்று.

ஆண்டுக்கு 3,500 மில்லிமீற்றருக்கும் மேலாக மழை பெறும் ஊர் அது. முகிலற்ற நண்பகலில் தரையில் விழும் ஒளி ஏறத்தாழ 100,000 இலக்சு. கருமுகில் கவிந்தால் 1,000 அளவுக்கும் இறங்கும். நூறில் ஒரு பங்கு என்பது ஒளிப்படக் கணக்கில் ஏறத்தாழ ஏழு படிகள். ஒவ்வொரு படியும் ஒளியின் பாதி. உணர்திறன் 100 எனில், வெயிலில் துளை எண் 16உம் 1/100 நொடியும் போதும். கருமுகிலின் கீழ்த் துளையை 2.8க்குத் திறந்து, 1/25 நொடி காட்ட வேண்டும். ஆனால் நொடிக்கு 1.4 மீற்றர் நடக்கும் மனிதர் அந்த 1/25 நொடியில் 5 சென்ரிமீற்றருக்கும் மேல் நகர்ந்துவிடுவார்; படம் கலங்கும். எனவே உணர்திறனை 1600க்கு உயர்த்தி, 1/400 நொடியில் எடுக்க வேண்டும். படத்தில் சற்றுத் துகள் தெரியும். முகம் தெளிவாக இருக்கும்.

மழையையே படமாக்குவோர்க்கும் ஒரு கணக்கு உண்டு. 2 மில்லிமீற்றர் விட்டமுள்ள துளி நொடிக்கு ஏறத்தாழ 6.5 மீற்றர் விரைவில் விழுகிறது. 1/60 நொடியில் அது 11 சென்ரிமீற்றர்க் கோடாக நீளும். 1/1000 நொடியில் ஒரு சென்ரிமீற்றரும் இல்லாத கீற்றாகும். கண் காணும் மழை கோடுகளின் மழை. ஆதலின் மழையின் இயல்பைக் காட்ட விரும்புவோர் மெதுவான திறப்பையே நாடுவர்.

கல் தெருவின் நிறவியல்

இரத்தினபுரி மணிக்கூட்டுக் கோபுரத்தை அடுத்த தெருவில் காலையிலேயே கல் வணிகர் கூடிவிடுவர். வெள்ளைத் தாள் மடிப்பை ஒருவர் பிரிக்கிறார். உள்ளே சில கற்கள். வாங்க வந்தவர் ஒன்றைப் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையே பற்றி, வானை நோக்கி உயர்த்தி, ஒரு கண்ணை இடுக்கிப் பார்க்கிறார். கடைக்குள் விளக்கு இருக்க ஏன் தெருவுக்கு வருகிறார்? நிறம் கல்லில் மட்டும் இல்லை, அதன்மேல் விழும் ஒளியிலும் இருக்கிறது என்பதை அவர் அறிவார்.

இதற்குச் சிறந்த சான்று இலங்கையில் கிடைக்கும் அலெக்சாண்டிரைட்டு. பகலொளியில் பச்சையாக இருக்கும் அந்தக் கல், இழைவிளக்கின் கீழ்ச் சிவக்கும். அதிலுள்ள குரோமியம் மஞ்சளை உறிஞ்சிப் பச்சையையும் சிவப்பையும் கடக்கவிடுகிறது. எந்த ஒளியில் எது மிகுதியோ அதுவே கண்ணை வெல்கிறது. பகலொளியின் நிறவெப்பநிலை 5,500 கெல்வினும் மேலும். இழைவிளக்கினது 2,700 அளவில். நம் மூளை இந்த வேறுபாட்டைத் தானே திருத்திக்கொள்ளும். கருவிக்கு அதை நாம் சொல்ல வேண்டும். வணிகரின் வெள்ளைத் தாளையே சான்றாகக் கொண்டு வெண்மையைச் சரிசெய்தால், நீலக்கல் நீலமாகவும் அதைப் பற்றிய விரல் விரலின் நிறத்திலும் அமையும்.

நீலக்கல்லும் சிவப்புக்கல்லும் குருந்தம் என்னும் ஒரே கனிமம். இரும்பும் தைற்றேனியமும் கலந்தால் நீலம். குரோமியம் கலந்தால் சிவப்பு. குருந்தத்தின் முறிவுச் சுட்டி ஏறத்தாழ 1.77, சாளரக் கண்ணாடியினது 1.52. சுட்டி உயர உயர ஒளி உள்ளே சிறைப்பட்டுத் தெறித்துச் சுடரும். நிறமற்ற செயற்கைக் குருந்தமே சில கைபேசிகளின் வில்லையை மூடிக் காக்கிறது. இரத்தினபுரிச் சேற்றில் அரித்தெடுக்கும் கல்லும் நம் கையிலுள்ள கருவியின் கண்மூடியும் ஒரே கனிம இனம்.

றப்பர் நிழலும் கொழுந்து மடுவமும்

கேகாலை மாவட்டத்து றப்பர்த் தோட்டங்களில் பால்வெட்டு விடியுமுன் தொடங்கும். மரத்தின் பாற்குழல்களில் அழுத்தம் மிகுந்திருக்கும் வேளை அது. வெயிலேற அழுத்தம் குறைந்து ஓட்டம் தளரும். சிரட்டையில் சொட்டும் வெண்பாலையும் வெட்டுபவரின் கையையும் ஒரே படத்தில் பெறுவது கடினம். இலைக்கூரை நீலத்தையும் சிவப்பையும் உறிஞ்சிப் பச்சையை வடியவிடுவதால் முகத்திலும் பசுமை படியும்; இங்கும் வெண்மையைச் சரிசெய்ய வேண்டும். சனவரி, பெப்ரவரியில் றப்பர் மரம் இலையுதிர்க்கும்போது தரைவரை ஒளி இறங்கும். அந்த வேளையே தோட்டத்தினுள் படமெடுக்க உகந்தது.

தேயிலைத் தோட்டத்தில் சிக்கல் வேறு. இறக்குவானை, காவத்தை, தெரணியகலைப் பக்கத்துத் தோட்டங்களில் கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்குப் பெண்கள் வருகிறார்கள். இடுப்பில் படங்கு, தலையில் வெள்ளைத் துணி, தோளில் நிறைந்த பை. முதுகுப்புறம் முகில் மூடிய வெண்வானம். கருவியின் ஒளிமானி, காட்சி முழுவதும் சராசரியாக 18 விழுக்காடு ஒளி தெறிக்கும் நடுச்சாம்பல் என்று எண்ணிக் கணக்கிடுகிறது. வெண்வானும் வெண்துணியும் அந்தச் சராசரியை உயர்த்த, கருவி ஒளியைக் குறைத்துவிடும். வானம் அழகாக விழும். அந்த அம்மாவின் முகம் கரிநிழலாகும். தேயிலைத் தோட்டப் படங்களில் தொழிலாளர் முகமற்ற உருவங்களாகத் தெரிவதற்கு இந்தக் கணக்கும் ஒரு காரணம்.

தீர்வு எளிது. ஒளிமானியை முகத்தின்மேல் வைத்து அளந்து, அந்த அளவிலிருந்து ஒரு படி குறைத்து எடுத்தால் மாநிறம் மாநிறமாகப் பதியும். முழுக்காட்சியை அளக்கும் கருவியெனில், ஒன்றரை முதல் இரண்டு படி ஒளியைக் கூட்டலாம். வானம் வெளிறிப் போகும். வானத்தை இழந்தேனும் முகத்தைக் காப்பதே முறை.

தொலைவு சொல்லும் உண்மை

2,243 மீற்றர் உயர்ந்த சிவனொளிபாதமலைக்கு இரத்தினபுரிப் பக்கத்திலிருந்து பலாபத்தலை வழியாகவும் அடியார் ஏறுவர். விடியலில் உச்சியில் நிற்போர், மேற்கே பரந்த நிலத்தின்மேல் மலையின் நிழல் கூரிய முக்கோணமாக விழுவதைக் காண்பர். மலை கூம்பாக இருப்பதே காரணம் என்று கருதுவது இயல்பு. உச்சி தட்டையாயினும் நிழல் முக்கோணமாகவே தோன்றும். காண்பவர் நீண்ட நிழலின் ஒரு முனையில் நிற்கிறார். தண்டவாளங்கள் தொலைவில் கூடுவதுபோல் நிழலின் இரு விளிம்பும் தொலைவில் கூடித் தெரிகின்றன. தோற்றத்தை முடிவுசெய்வது காண்பவர் நிற்குமிடம்.

தெருவிலும் இதே விதிதான். அரை மீற்றரில் நின்று எடுத்தால், காதைவிட 12 சென்ரிமீற்றர் முன்னிருக்கும் மூக்கு 24 விழுக்காடு பெரிதாகப் பதியும். இரண்டரை மீற்றரில் அந்த மிகை 5 விழுக்காடே. 35 மில்லிமீற்றர் வில்லையை முழுச்சட்டகக் கருவியில் பொருத்தி, துளை எண் 8இல் இரண்டரை மீற்றருக்குக் குவித்து வைத்தால், ஏறத்தாழ 1.7 மீற்றர் முதல் 4.9 மீற்றர் வரை யாவும் தெளிவாக விழும். பேசுவதற்கு ஏற்ற தொலைவும் அதுவே. முப்பது மீற்றர் தள்ளி நின்று நெடுவில்லையால் எடுத்த படம் முகத்தைத் தட்டையாக்கி, எடுத்தவர் ஒளிந்து நின்றதையும் காட்டிக்கொடுத்துவிடும்.

அளந்தவரின் கடமை

அஞ்சலட்டையிலும் தேயிலைப் பொதியிலும் மலையகத் தோட்டத் தமிழ்ப் பெண்ணின் முகம் உலகெங்கும் சென்றது. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் அதே மக்களில் மிகப் பெரும்பாலாரை நாடற்றவராக்கியது. எஞ்சியோர்க்கு 2003ஆம் ஆண்டுச் சட்டமே முழுமையாகக் குடியுரிமை வழங்கியது. அந்த இடைக்காலம் முழுவதும் அவர்களின் படத்துக்குக் கடவுச்சீட்டுத் தேவைப்படவில்லை. முகம் போனது; பெயர் போகவில்லை.

ஆதலால் கருவியோடு சப்ரகமுவைக்கு வரும் பயணியரிடமும், கைபேசியில் படம் பயிலும் தோட்டத்து இளையோரிடமும் ஒரு வேண்டுகோள். இரண்டரை மீற்றருக்கு வாருங்கள். "அக்கா, ஒரு படம் எடுக்கலாமா?" என்று கேளுங்கள், வேண்டாம் என்றால் கருவியைத் தாழ்த்துங்கள். தோட்டத் தொழிலாளர் வாழும் லயத்து வாசலை வீட்டு வாசலாகவே மதியுங்கள். ஒளிமானியை முகத்தில் வையுங்கள். அவர் இசைந்தால் பெயரைப் படத்தின் கீழ் எழுதுங்கள். ஒரு படியை அச்சிட்டு அவர் கையில் சேருங்கள். அளந்தவர் அளக்கப்பட்டவர்க்குக் கணக்குக் காட்டுவதே ஒளிப்படத்தின் நேர்மை.