அடிவாரத்து மனை: கல்லைப் பார்த்துவிட்டு வாங்குங்கள்

கோவைக்கு மேற்கே எந்தச் சாலையில் போனாலும், வாசலிலேயே மலை தெரியும் என்று மனை விற்கிறார்கள். மலை தெரியும், உண்மைதான். மனை நிற்பதும் மலை தள்ளிவிட்ட சரக்கின் மேல்தான் என்பதை யாரும் சொல்வதில்லை.

மலையில் மேலே இருப்பது சார்னோகைட், நைஸ் போன்ற கெட்டிப் பாறை. வெயிலும் மழையும் காலங்காலமாக அந்தப் பாறையை இளக்கிச் செம்மண்ணாக்குகின்றன. மழைக்கு அது கல்லோடு சேர்ந்து இறங்குகிறது. ஓடை சரிவை விட்டுச் சமதளத்துக்கு வந்ததும் வேகம் தளர்ந்து, சுமந்து வந்ததை விசிறி போல இறைத்துவிடும். பெருங்கல் மேலே தங்கும், சரளை நடுவில், மணலும் வண்டலும் கடைசியில். இறுகாத மண் என்பதால் மழைநீர் இதில் எளிதாக இறங்கும். அடிவாரக் கிணறுகளுக்கு ஊற்று இதுதான். அதே காரணத்தால் வெட்டினால் சரியும், ஊறினால் நகரும்.

மனையில் குழி தோண்டினால் கல்லைக் கையில் எடுத்துப் பாருங்கள். உருண்டையாக இருந்தால் ஓடை உருட்டி வந்தது. முனை மழுங்காமல் இருந்தால் சரிவிலிருந்து விழுந்தது. இரண்டுமே எச்சரிக்கைதான்.

வயநாட்டில் 2024 ஜூலை 30 அதிகாலை மண் சரிந்தது புஞ்சிரிமட்டத்துக்கு மேலே. பாறையும் சேறும் ஆற்றோடு இறங்கி முண்டக்கையையும், அதற்கும் கீழே இருந்த சூரல்மலையையும் அழித்தன. ‘சரிவு ரொம்ப தூரம்’ என்ற தரகர் பேச்சுக்கு இதுவே பதில்.

மலையின் காலையே வெட்டுவது இன்னொரு ஆபத்து. கோவையை ஒட்டிய தடாகம் பள்ளத்தாக்கில் செங்கல்லுக்காகச் செம்மண்ணை ஆழமாக அள்ளினார்கள். உரிய அனுமதியில்லாத சூளைகள் 2021இல்தான் மூடப்பட்டன. சிறுகனிம சலுகை விதிகளின்படி, பட்டா நிலமானாலும் மண் எடுத்து விற்க அனுமதி வேண்டும். ‘என் நிலம், என் மண்’ என்ற வாதம் செல்லாது.

வாங்கும் முன் புலப்படத்தையும் அ-பதிவேட்டையும் எடுத்து, ஓடைப் புறம்போக்கு எங்கே ஓடுகிறது என்று பாருங்கள். கிராமம் ஹாக்கா எனப்படும் மலையிடப் பாதுகாப்புப் பட்டியலில் இருந்தால் மனைப்பிரிவுக்குத் தனி அனுமதி தேவை. நகரமைப்பு அலுவலகத்தில் விசாரியுங்கள். வாய்வார்த்தையாகப் பதில் சொன்னால், தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு எழுதிக் கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும்.

பக்கத்தில் மண் அள்ளினாலோ ஓடையை மூடினாலோ, தேதி தெரியும் படங்களோடு மாவட்ட ஆட்சியருக்கு மனு கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். அடுத்த இடம் சென்னையிலுள்ள தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு. வழக்குக் காரணம் எழுந்த 6 மாதத்துக்குள் போக வேண்டும். இழப்பீட்டுக்கு 5 ஆண்டு வரை அவகாசம் உண்டு. இந்தக் கெடுவைத் தவறவிடாதீர்கள். உயிருக்கே ஆபத்து என்றால் மனு எழுதிக்கொண்டிருக்காமல் மாவட்டப் பேரிடர் உதவி எண் 1077ஐ அழையுங்கள்.

முன்பணம் கொடுக்கும் முன் நல்ல மழைநாளில் ஒருமுறை அந்த மனையில் போய் நில்லுங்கள். தண்ணீர் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று பாருங்கள்.