வீட்டுச் சாவி வரும்வரை கைக்கு ஒரு வேலை



தோட்டத்தை விட்டுப் புது வீட்டுக்குப் போகப் பெயர் கொடுத்தாயிற்று. பாரம் நிரப்பியாயிற்று, முன்பணமும் கட்டியாயிற்று. சாவி எப்போது கைக்கு வரும்? ஆறு மாதம் என்பார்கள். இரண்டு வருஷமும் ஆகிவிடும். பலருக்கு உடம்பு கெடுவது இந்தக் காத்திருக்கும் காலத்தில்தான். தூக்கம் வராது, சோறு இறங்காது, பிரஷர் ஏறும். "பொறந்து வளர்ந்த லயத்த விட்டுட்டு எப்படிப்பா போறது?" என்று பாட்டிமார் கேட்பதை வெறும் புலம்பல் என்று தள்ளிவிடாதீர்கள்.

நம் ஜனங்களுக்கு இது புதிதல்ல. 1990களில் புத்ராஜெயா எழும்பியபோது பிராங் பெசார் தோட்டத்து மக்கள் டெங்கில் பக்கத்து அடுக்குமாடிகளுக்குப் போனார்கள். 1998இல் காமன்வெல்த் விளையாட்டு நடந்த புக்கிட் ஜாலில் அரங்கம் நிற்கிற மண்ணும் முன்பு தோட்டம்தான். லயத்தில் கதவைத் திறந்தால் பத்து முகம் தெரியும். மாடியில் கதவைத் திறந்தால் எதிர்வீட்டுக் கதவுதான் தெரியும், அதுவும் சாத்தியிருக்கும்.

ஆகவே, காத்திருக்கிற நாளை வீணாக்காமல் ஒரு காரியம் செய்யலாம். கோயில் மண்டபத்திலோ பழைய ஆயாக் கொட்டகையிலோ வாரத்துக்கு ஒரு சாயங்காலம் பத்துப் பேர் கூடிக் கைவேலை வகுப்பு நடத்துங்கள். தையல், ஒயர் கூடை, பின்னல், படம் வரைதல், எது தெரிந்தவர் இருக்கிறாரோ அதிலிருந்து தொடங்குங்கள். "இதென்ன வைத்தியமா?" என்று கேட்பீர்கள். மாத்திரைக்குப் பதில் அல்ல. ஆனால் கை ஒரு வேலையில் இருக்கும்போது வாய் தானாகப் பேசும். வீட்டில் புருஷனிடம் சொல்லாத கவலையை, கூடை பின்னிக்கொண்டே பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லிவிடுவார்கள். இரண்டு வாரத்துக்கு மேலும் தூக்கமில்லை, எதிலும் பிடிப்பில்லை என்றால் மட்டும் வகுப்போடு நிற்காமல் அரசாங்கக் கிளினிக்குக்குப் போய்விடுங்கள்.

முதல் பாடமாகப் புது வீட்டையே வரையுங்கள். வீடு வாங்கும் ஒப்பந்தத்தோடு பிளான் இருக்கும்; அதில் அளவு போட்டிருக்கும். தினமும் வாசலில் புள்ளி வைக்கிற கைக்கு இது என்ன கம்பசூத்திரமா? ஒரு புள்ளிக்கும் அடுத்த புள்ளிக்கும் நடுவே ஓரடி என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்தடிச் சுவருக்குப் பதினொரு புள்ளி. கட்டில், அலமாரி, சாமி மேடை எல்லாவற்றையும் அதே கணக்கில் அட்டையில் வெட்டி உள்ளே நகர்த்திப் பாருங்கள். பி.பி.ஆர். அடுக்குமாடி வீடுகள் பெரும்பாலும் 700 சதுர அடி, மூன்று படுக்கையறை. தாத்தாவின் கட்டிலிலிருந்து குளியலறைக்குப் போகும் வழியில் ஒரு சாமானும் நிற்கக் கூடாது. ராத்திரி இருட்டில் தட்டுத் தடுமாறி விழுவதெல்லாம் அந்த வழியில்தான். பிள்ளைகளிடம் அவரவர் படுக்கும் மூலையை வண்ணம் தீட்டக் கொடுங்கள். புது இடத்துப் பயம் பாதி போய்விடும்.

பழைய சேலையைக் கிழித்துப் பின்னும் கால்மிதி எல்லா வகுப்பிலும் உண்டு. அழகாகவும் இருக்கும், செலவும் இல்லை. ஆனால் யோசியுங்கள். லயத்தில் நமக்குச் சொரசொரப்பான சிமெண்டுத் தரை. புது வீட்டிலோ வழவழவென்று டைல். அதன்மேல் துணி மிதியடி போட்டால் ஈரக்காலோடு மிதித்த பாட்டி மிதியடியோடு சேர்ந்தே போய்விடுவார். வயதான காலத்தில் இடுப்பெலும்பு முறிந்தால் மறுபடி எழுந்து நடப்பது லேசல்ல. எனவே கால்மிதிக்கு அடியில் வழுக்காத ரப்பர் வலை வைத்துத் தைத்துவிடுங்கள். ரப்பர் நமக்குப் பழகிய சரக்குதானே!

பழைய பால் மங்குகளுக்குச் சாயம் பூசிப் பூந்தொட்டியாகத் தொங்கவிடுவதையும் சொல்ல வேண்டும். நல்ல ஞாபகச் சின்னம். அடியில் ஓட்டை போட்டுவிடுங்கள், தண்ணீர் தேங்கினால் ஏடிஸ் கொசு குடும்பம் நடத்தும். தண்ணீரிலேயே வளர்க்கிற செடியானால் வாரம் ஒருமுறை தண்ணீரைக் கொட்டி, உட்பக்கத்தைத் தேய்த்துக் கழுவுங்கள். கொசுவின் முட்டை ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும். காய்ந்தாலும் மாதக்கணக்கில் சாகாது. இன்னொன்று, களைக்கொல்லி வந்த டின்னையும் தோம்பையும் கைவேலைக்குத் தொடவே தொடாதீர்கள். பாராகுவாட் மருந்துக்கு 2020 ஜனவரி முதல் மலேசியாவில் தடை. ஆனாலும் மூலையில் கிடக்கும் பழைய டின்னில் எது இருந்தது என்று யார் கண்டார்? "நல்லா கழுவிட்டேன்ங்க" என்பது போதாது. மருந்து அடித்துவிட்டு வருகிறவர்களும் குளித்து, உடுப்பு மாற்றிய பிறகே வகுப்பில் உட்கார வேண்டும்.

வருஷக்கணக்கில் உளி பிடித்த கைகள் இவை. ராத்திரியில் கட்டைவிரலும் அடுத்த இரண்டு விரலும் மரத்துப் போகிறதென்றால் மணிக்கட்டு நரம்பு அழுந்துகிறது என்று அர்த்தமாகலாம். அப்படிப்பட்டவர்கள் ஒயரை இறுக்கி இழுக்கும் வேலையை விட்டுவிட்டு வண்ணம் தீட்டட்டும், டாக்டரிடமும் காட்டட்டும். மற்றவர்களும் அரைமணிக்கு ஒருமுறை எழுந்து கையை உதறி நாலடி நடப்பது நல்லது. நாற்பதைத் தாண்டியவர்கள் ஊசியில் நூல் கோக்கத் திணறினால் அது வெள்ளெழுத்து. கண்ணாடி போட்டால் சரியாகும். இனிப்பு நீர் உள்ளவர்கள் விரலுறை போட்டே தைக்க வேண்டும். குத்துப்பட்டது தெரியாமலே சீழ் வைத்துவிடும். வருஷம் ஒருமுறை கண்ணையும் சோதித்துக்கொள்ளுங்கள்.

ஆண்களே, இதைப் பெண்கள் சமாச்சாரம் என்று பக்கத்தைத் திருப்ப வேண்டாம். வேலையை விட்டதும் பிரட்டும் இல்லை, மண்டோர் சத்தமும் இல்லை. காலை ஐந்து மணிக்கு விழித்து எங்கே போவதென்று தெரியாமல் உட்கார்ந்திருப்பது நீங்கள்தான். சிலருக்கு அது நேரே சாராயக் கடையில் கொண்டுபோய் விடுகிறது. பலகை அறுக்க, ஆணி அடிக்கத் தெரிந்த கை. புது வீட்டு வாசலுக்கு உட்கார்ந்து செருப்பு மாட்ட ஒரு பெஞ்சு செய்யுங்கள். சாயமும் தின்னரும் பூசும்போது வெளியே காற்றில் வைத்துப் பூசுங்கள், அடைத்த அறையில் வேண்டாம்.

குடியேறிய பிறகு வகுப்பை லயத்தோடு விட்டுவிட்டு வராதீர்கள். உண்மையில் அது வேண்டியது அங்கேதான். அந்தப் பக்கம் கெமாஸ் வகுப்பு உண்டா என்று போவதற்கு முன்பே விசாரியுங்கள். இல்லையென்றால் கீழ்த்தளத்து மண்டபத்தை வாரம் ஒரு நாள் கேட்டு வாங்கிப் பாயை விரியுங்கள். பக்கத்து வீட்டு மக்சிக்கையும் சீன ஆன்டியையும் கூப்பிடுங்கள். தையலுக்குப் பாஷை வேண்டாம். முதல் வாரம் மூன்று பேர்தான் வருவார்கள். வராதவர்களின் கதவைப் போய்த் தட்டுங்கள். முட்டிவலியால் படி இறங்க முடியாத பாட்டி நாலாம் மாடியில் இருக்கிறார் என்றால், அந்த வாரம் வகுப்பை அவர் வீட்டு வாசலில் வைத்துக்கொள்ளுங்கள்.