வெள்ளைப்படுதலுக்கு வரும் பெண்ணை மாத்திரையோடு அனுப்பலாமா?

வெள்ளைப்படுதல் என்றால் திருத்தணி வட்டாரத்திலும் வீட்டில் முதலில் சொல்லப்படுவது ‘உடம்புச் சூடு’தான். வெந்தயம் ஊறவைத்துச் சாப்பிட்டு, இளநீர் குடித்துப் பார்த்து, அரிப்பும் நாற்றமும் தாங்காமல் போன பிறகுதான் பல பெண்கள் கூச்சத்தை விட்டு மருத்துவமனைக்கு வருகிறார்கள். ஆந்திர எல்லைக்கு அப்பால் நகரியில் இருப்பவர்களுக்கும் இந்தக் கூச்சம் உண்டு. அப்படி வருகிறவரைச் சில நாள் மாத்திரையோடு அனுப்பிவிடக் கூடாது. வயது முப்பதைத் தாண்டியிருந்தால் அன்றே அவருக்கு, கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயை உண்டாக்கும் வைரஸான எச்.பி.வி.க்கான பரிசோதனையும் நடக்க வேண்டும்.

பிறப்புறுப்பில் இயல்பாக வாழும் லாக்டோபேசில்லஸ் பாக்டீரியாக்கள் லாக்டிக் அமிலத்தைச் சுரந்து, பி.எச். அளவை 4.5க்குக் கீழே வைத்திருக்கின்றன. அவை குறைந்து கார்ட்னரெல்லா போன்றவை பெருகினால், மீன் வாடையோடு நீர்த்த வெள்ளை படும். புதிதாகப் பெருகியவை சுரக்கும் நொதிகள் கர்ப்பப்பை வாயைக் காக்கும் சளிப்படலத்தைச் சிதைக்கின்றன; எச்.பி.வி. தங்குவதற்கு அது வழிவிடலாம். எச்.பி.வி. தொற்று பத்தில் ஒன்பது பேருக்கு இரண்டு ஆண்டுகளுக்குள் தானாகவே அடங்கிவிடும். அடங்காமல் தங்கும் ஆபத்தான வகைகள்தான் பத்து, இருபது ஆண்டுகளில் புற்றுநோயில் கொண்டுபோய் விடக்கூடும். 2014இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், 32 பெண்களிடம் வாரம் இருமுறையாக 16 வாரங்கள் மாதிரி எடுத்தார்கள். லாக்டோபேசில்லஸ் கேசெரி மிகுந்திருந்தபோது வைரஸ் விரைவாக விலகியது. சிறிய ஆய்வுதான், ஆனால் பின்னர் வந்த தொகுப்பாய்வுகளும் அதே பக்கமே சாய்கின்றன.

வைரஸே பாக்டீரியாக்களின் சமநிலையைக் குலைத்திருக்கலாமே என்று கேட்டால், அதுவும் நடக்கக்கூடியதுதான். அதனால்தான் புரோபயாட்டிக் சாப்பிட்டால் புற்றுநோய் வராது என்று சொல்லி விற்பதை ஏற்க முடியாது. கிருமிநாசினியால் உள்ளே கழுவுவது இன்னும் மோசம், காவல் நிற்கும் பாக்டீரியாவையும் அது அழித்துவிடும். ஓரளவு வெள்ளைப்படுவது இயல்பு, அதற்காக யாரும் பயப்பட வேண்டாம். ஆனால் வைரஸா, பாக்டீரியாக்களின் குலைவா, எது முதலில் வந்தது என்று தீர்ப்பாகும் வரை பரிசோதனை காத்திருக்க வேண்டியதில்லை. கூச்சத்தை உதறிவிட்டு அந்தப் பெண் ஏற்கெனவே வாசலில் வந்து நிற்கிறார்.

பரிசோதனையின் பலனுக்கு நம் மாநிலத்திலேயே சான்று இருக்கிறது. திண்டுக்கல் மாவட்டத்தில் 30 முதல் 59 வயதுப் பெண்களிடம் நடந்த ஆய்வில், கர்ப்பப்பை வாயில் அசிட்டிக் அமிலத்தைத் தடவி, வெளுக்கும் இடத்தைக் கண்ணால் பார்க்கும் எளிய முறையே சாவை 35 சதவீதம் குறைத்தது. முடிவு 2007இல் வெளியானது. ஆனால் புண்பட்டு அழற்சியோடு இருக்கும் வாயில் அந்த வெளுப்பு ஏமாற்றலாம். எச்.பி.வி. பரிசோதனைக்கு அந்தச் சிக்கல் குறைவு. மாதிரியைத் திரைக்குப் பின்னால் போய்ப் பெண்ணே எடுத்துத் தரலாம் என்பதால், மருத்துவரின் நேரமும் அதிகம் போகாது. செலவு கூடும்தான். மகாராஷ்டிரத்தின் உஸ்மானாபாத்தில் ஒரே ஒரு எச்.பி.வி. பரிசோதனை சாவைப் பாதியளவுக்குக் குறைத்ததை 2009இல் வெளியான ஆய்வு காட்டியது. அந்தச் செலவு தகும். சிறுமிகளுக்குத் தடுப்பூசி அவசியம், ஆனால் அவர்களின் அம்மாக்களிடம் ஏற்கெனவே தங்கிவிட்ட வைரஸை அது விரட்டாது.

எனக்குக் கவலை தருவது முடிவு வந்த பிறகு நடப்பதுதான். பல பெண்கள் பதிவேட்டில் தருவது கணவரின் கைபேசி எண் என்பதால், முடிவு அவர்களிடம் போய்ச் சேராமல் போகலாம். 2021 முதல் தமிழக அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் ரத்த அழுத்த மாத்திரையோடு வீடு தேடிப் போகும் பெண் தன்னார்வலரே இந்த முடிவையும் அந்தப் பெண்ணிடமே நேரில், தெலுங்கு பேசும் வீடென்றால் தெலுங்கிலேயே, சொல்லி அடுத்த சிகிச்சைக்கு அழைத்து வரலாம்.